எண்பத்து மூன்றாம் நாள் பொட்டு

ஏணியின் கடைசிப் படியில் ஏறிய யோகப்பிரியா கூரையை எட்டிப் பார்த்தாள். சின்னக்கானல் தேயிலைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையில் அவள் பொருத்தியிருந்த இரண்டு சோலார் பேனல்களிலும் நட்டநடுவில் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் வைத்திருந்தது. இன்று ஆயுதபூஜை. காலையில் வைத்தது, மத்தியான வெயிலில் காய்ந்து இறுகியிருந்தது.

ஒரு பேனலில் அவள் ஆறு வருடம் ஆய்வுக்கூடத்தில் பாடுபட்டு உண்டாக்கிய பூச்சு. அழுக்கும் பாசியும் ஒட்டாது. மலைப்பனியே வழித்துக்கொண்டு போய்விடும். மற்றது பூச்சில்லாதது, ஒப்பிட்டுப் பார்க்க. தொண்ணூறு நாள் யார் கையும் படக்கூடாது. இன்று எண்பத்து மூன்று. இந்தச் சோதனை கெட்டால் மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் ஆய்வுத் திட்டத்தின் காலக்கெடு முடிந்துவிடும்.

கீழே ஏணியைப் பிடித்திருந்தவள் மாரீஸ்வரி. எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் ஒரே பெஞ்சு. இப்போது கொழுந்து பறிக்கிறாள். கூரையைக் கொடுத்தவளும் அவள்தான்.

"என்னட்டி, மூஞ்சி சுருங்கிப் போச்சு?"

"தொடக்கூடாதுன்னு சொன்னேன்ல, மாரி."

சிரிக்க வந்தவள் அடங்கிப்போனாள். "செடி கவ்வாத்து வெட்டுற கத்தி, கொழுந்துக் கூடை எல்லாத்துக்கும் வச்சோம். உன் வேலைச் சாமானை மட்டும் சும்மா விட மனசு வரல. கெடுத்துட்டேனாட்டி?"

கடுஞ்சொல் நாக்கு நுனிவரை வந்தது. மாரீஸ்வரியின் முழங்கையில் புதுச் சிராய்ப்பு தெரிந்தது. காலையில் பொட்டு வைக்க ஏறியபோது ஈரத் தகரக் கூரையில் வழுக்கியிருக்கிறாள். யோகப்பிரியா சொல்லை விழுங்கிக்கொண்டாள்.

"பூச்சு ஒண்ணுலதான இருக்கு. ரெண்டுக்கும் ஏன் வச்ச?"

"நல்லாருக்கே! அக்கா தங்கச்சி மாதிரி ஒட்டி உக்காந்திருக்கு. ஒண்ணுக்கு வச்சு ஒண்ண விட்டா ஓரவஞ்சனை இல்லையா? ஒரே உருண்டையச் சரிபாதியாப் பிட்டுத்தான் வச்சேன்."

யோகப்பிரியா மறுபடி திரும்பிப் பார்த்தாள். ஒரே சந்தனம், ஒரே அளவு, ஒரே இடம், ஒரே நேரம். அவள் ஆய்வுக்கூடத்தில்கூட இத்தனை நியாயமாக யாரும் அழுக்கைப் பங்கு வைத்ததில்லை. பூச்சு பலித்தால் பனி அந்த ஒன்றில் மட்டும் இதை வழித்துவிடும்; இதுவும் ஒரு சோதனைதான்.

"நான் துடைச்சிரட்டா?" என்றாள் மாரீஸ்வரி.

"வேண்டாம். சாமி பேரைச் சொல்லி வச்சத அழிச்சிட்டு, ஒண்ணும் நடக்கலைன்னு எழுதினா அந்தக் கணக்கு எனக்கு விளங்காது."

யோகப்பிரியா குறிப்பேட்டைத் திறந்தாள். 'நாள் 83. இரு பேனல்களிலும் சந்தனம், சம அளவு. வைத்தவர்: மாரீஸ்வரி.'

"எம்பேரையா எழுதுத? போலீசு வருமாட்டி?"

"பனி வரும். பேசாம மேல ஏறி வா."

பூச்சின்மேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. தேயிலைச் சரிவிலிருந்து மூடுபனி ஏறி வந்து, கூரை ஓரம் ஒட்டி உட்கார்ந்திருந்த இருவரையும் மூடியது. பூச்சிட்ட பேனலில், சந்தனத்தின் கீழ்விளிம்பில் ஒரு மஞ்சள் துளி திரண்டது. கனத்தது. விழாமல் நின்றது. மாரீஸ்வரி தன்னையறியாமல் கைகூப்பினாள்.