புகழ்ந்ததற்கு ஒரு மன்னிப்பு

1

இந்தக் கதை எனக்குக் குப்பை பிரிக்கும் இடத்தில் கிடைத்தது. சியோலில் நான் இருக்கும் அடுக்ககத்தில் வியாழக்கிழமைதோறும் எல்லோரும் கீழே இறங்கி, பிளாஸ்டிக்கைத் தனியாகவும் அட்டையைத் தனியாகவும் போடுவோம். அங்கேதான் மேல்வீட்டு பியோன் ஹேரான் இதைச் சொன்னாள். வானொலியில் காலை நிகழ்ச்சி ஒன்றுக்கு எழுதிக்கொடுப்பவள் அவள். "எழுதிக்குங்க. பேரை மட்டும் மாத்திடுங்க" என்றாள். மாற்றிவிட்டேன். அவள் பெயரையும்தான்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: மா சாங்தே தன் வாழ்நாளில் யூதர்களை வெறுத்ததே இல்லை.

அடித்துவிட்டேன். அதை அவரே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வேறு எதற்கு?

அடுத்து: கொட்டும் மழையில், வானொலி நிலையத்தின் படிகளில் தளர்ந்த நடையோடு அந்த மனிதர்...

(மழையெல்லாம் இல்லை. சுள்ளென்று வெயில்.)

2

நடந்தது இதுதான். மா சாங்தே ஒரு பொருளாதார விமர்சகர், ஹேரான் எழுதிக்கொடுக்கும் அந்தக் காலை நிகழ்ச்சியில் பேசுபவர். காலையில் அவர் குரலைக் கேட்காவிட்டால் இந்த ஊரில் பலருக்குச் சோறு இறங்காது. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் ஒன்று இங்குள்ள கப்பல் கம்பெனியைக் கைப்பற்றப் பார்த்தது. அதைப் பற்றிப் பேசும்போது சொன்னார்: "பின்னாடி இருக்கறது யூதர்கள். உலகத்தோட பணப்பையே அவங்க கையிலதான். சும்மா சொல்லக் கூடாது, மூளைன்னா அது மூளை! நம்ம புள்ளைங்க கத்துக்கணும்."

யாரும் முகம் சுளிக்கவில்லை. [பக்கக் குறிப்பு: யூதர் ஒருவரைக்கூடப் பார்த்திராதவர்கள் வீட்டிலும், யூத அறிவுக் கதைகள் என்று அட்டை போட்ட பிள்ளைகள் புத்தகம் ஒன்று இந்த ஊரில் இருக்கும். படித்தால் குழந்தை கெட்டிக்காரனாகும் என்று நம்பிக்கை. காதல் என்றே சொல்லலாம். ஆளைப் பார்க்காமலே வந்த காதல்.]

ஒரே ஒருத்திதான் எழுதினாள். திர்சா வினோகூர், இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்ட யூதப் பெண். வட்டார நீச்சல்குளத்தில் பயிற்சியாளர். 'இது யூத வெறுப்பு' என்று அவள் இணையத்தில் போட்டதை வெளிநாட்டுப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. திங்கட்கிழமை காலை பதில் சொல்லுங்கள், இல்லையென்றால் நாற்காலியைக் காலி செய்யுங்கள் என்றது நிலையம்.

3

எலும்பு சூப் கடையில் உட்கார்ந்து அவரும் ஹேரானும் பதிலை எழுதினார்கள்.

"நான் திட்டலையேம்மா! புகழ்ந்தேன்ல? புகழ்ந்ததுக்கு மன்னிப்புக் கேட்டவன் உலகத்துலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்."

"சார், சூப் ஆறுது. 'யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால்'னு ஆரம்பிக்கவா?"

"போடு, போடு."

"கையால எழுதிப் படம் புடிச்சு இணையத்துலயும் போடணும். மாட்டிக்கிட்ட நடிகனுங்கல்லாம் அப்பிடித்தான் பண்றானுங்க. எழுத்து ரொம்ப அழகா இருந்தா ஆள் வச்சு எழுதுனதும்பாங்க."

"அப்போ என் எழுத்தே போதும். என் பொண்டாட்டிக்கே புரியாது."

இந்த இடத்தில் எனக்கு இந்த மனிதர்மேல் சந்தேகம் வந்தது. முதல் பிரதியில் இவரை வில்லனாக்கினேன். எழுதச் சுகமாக இருந்தது. இரண்டாவதில் அப்பாவியாக்கினேன், அது அதைவிடச் சுகம். இவ்வளவு சுகமாக வந்தால் எங்கேயோ ஏமாற்றுகிறேன் என்று பொருள். ஆகவே இப்போது அவர் செய்ததை மட்டும் எழுதுகிறேன். ஒரு பெட்டி பேரிக்காய் வாங்கிக்கொண்டு, ஹேரானையும் கூட்டிக்கொண்டு, நீச்சல்குளத்துக்குப் போனார்.

4

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பெட்டியை இரண்டு கைகளாலும் நீட்டி, இடுப்பு மடியக் குனிந்தார்.

"நிமிருங்க ஐயா," என்றாள் திர்சா. "குனிஞ்சா எனக்கு உங்க வழுக்கைதான் தெரியுது. மூஞ்சியப் பார்த்துப் பேசணும்."

"டீச்சரம்மா, நான் உங்க ஜனங்களை மதிக்கிறவன்."

"தெரியும். அதான் பயமா இருக்கு." தண்ணீரில் இருந்த பிள்ளைகளைப் பார்த்து, "கால அடி, கால அடி!" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுத் திரும்பினாள். "எங்க கொள்ளுத்தாத்தா குடை ரிப்பேர் பண்றவர். அவர் ஊர்லயும் முதல்ல யாரும் திட்டல. 'கெட்டிக்காரங்க, எங்கயாவது பணம் சேத்து வச்சிருப்பாங்க'ன்னு வாயாரப் புகழ்ந்தாங்க. ஒருநாள் அவரை இழுத்துட்டுப் போனாங்க. அப்புறம் வீட்டுத் தரையப் பேத்துப் பார்த்தாங்க. ஒண்ணும் கிடைக்கல."

"அதுக்கப்புறமாவது..."

"அதுக்கப்புறம் என்ன? 'எவ்வளவு கெட்டிக்காரங்க பாரு, நம்ம கண்ணுல படாம ஒளிச்சு வச்சிருக்காங்க'ன்னு பேசிக்கிட்டாங்க."

மா சாங்தே அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

(ஹேரான் இதைச் சொன்னபோது, நசுக்கிய பால் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றுவிட்டேன். மலைப்பாக இருந்தது. வெறும் தரையையே சாட்சியாக்கிக்கொள்ளும் பொய் ஒரு பக்கம். அதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, ஊரார் பிள்ளைகளுக்கு மிதக்கக் கற்றுக்கொடுக்கும் பெண் இன்னொரு பக்கம். எதைப் பார்த்து அதிகம் வியப்பது என்று இன்னும் தெரியவில்லை.)

5

திங்கட்கிழமை. எழுதிவைத்த தாளை ஹேரானிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மா சாங்தே பேசினார்.

"அந்த நிறுவனத்தை யார் நடத்தறாங்கன்னு நான் விசாரிக்கவே இல்ல. ஒரு பேரைப் பார்த்தேன், முடிவு பண்ணிட்டேன். காலங்காலமா உங்ககிட்ட 'கணக்கைப் பாருங்க'ன்னு சொன்னவன், கட்டுக்கதையை அறிவுன்னு கொடுத்துட்டேன். புகழறேன்னு நினைச்சுத்தான் சொன்னேன். அது பழின்னு இப்பத்தான் புரியுது. என் தப்பு. மன்னிச்சிடுங்க."

ஒலிபரப்பு அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹேரான் அழுதுவிட்டாள். வாயால் சம்பாதித்த பெயரை, யாரும் பிடுங்காமல், அதே வாயால் இறக்கி வைத்த ஒருவரை அவள் அதுவரை பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. கதை இங்கேயே முடிந்திருக்கலாம்.

(முடிவு அ: திர்சா பேரிக்காயை நறுக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள். ஒரு துண்டை அவரிடமும்... வேண்டாம்.)

(முடிவு ஆ: வேலை போகிறது. அவர் நீச்சல் கற்றுக்கொள்ளச் சே... சேச்சே.)

நேயர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை அப்போதைக்கப்போதே வாசிப்பது அந்த நிகழ்ச்சியின் வழக்கம். திரையில் அவை மளமளவென்று வந்து விழுந்தன. பழக்க தோஷத்தில் மா சாங்தே முதல் செய்தியை உரக்கவே வாசித்தார்:

"'ஐயா, மனசு விட்டுடாதீங்க. எங்களுக்குப் புரியுது. உங்களையே இப்படிப் பேச வச்சுட்டாங்கன்னா, அவங்க கை எவ்வளவு நீளம்! நிஜமாவே பெரிய ஆளுங்கதான்.'"

கீழே இருந்தவையும் கிட்டத்தட்ட அதேதான். எல்லாமே அன்பாக எழுதப்பட்டவை.

அவர் வாயைத் திறந்தார். என்ன சொன்னார் என்று ஹேரான் எனக்குச் சொன்னாள். நானும் எழுதிப் பார்த்தேன். எதை எழுதினாலும் அதற்கும் இப்படி ஒரு குறுஞ்செய்தி வரும் என்றே தோன்றியது, நிறுத்திவிட்டேன். ஒலிபரப்பின் சிவப்பு விளக்கு எரிகிறது. ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது. அவர் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். சொல்லுங்கள்.