கலையாத சபை

சவாயித் தீவின் சலேபா ஊரில் ஒரு சபைக் கூட்டம் மூன்று வருஷம் கலையாமல் நடந்தது. பன் சுடும் சினாலே ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் வியாபாரம் செய்துவிட்டாள் என்று அவள் குடும்பத்தையே ஊரைவிட்டு விலக்கத்தான் கூடினார்கள். ஊர்த்தலைவர் துயிலாவே கையைத் தூக்கி இறக்கினால் தீர்ப்பு. தூக்கினார், கை அப்படியே நின்றுவிட்டது. வாய் மட்டும் வேலை செய்தது, அதுவும் பாதி.

பக்கவாதம் என்று வெளியே மேய்ந்த கோழிக்குக்கூடத் தெரியும். ஆனால் அந்த ஊரில் தலைவரின் காலுக்கும் காய்ச்சலுக்கும் தனியாக மரியாதைச் சொல் உண்டு. இந்த நோய்க்கு மட்டும் முன்னோர் வைக்காமல் போய்விட்டார்கள். ஊரார் வாயில் புழங்கும் சொல்லை அவர்மேல் சொன்னால் அந்தக் கணமே அவர் தலைவரில்லை, சொன்னவர் வீட்டு ஆள். பெயரில்லாத நோய்க்கு எந்த டாக்டரைக் கூப்பிடுவது? தலைவர் சார்பில் பேசும் லேயுபா எழுந்து, தலைவர் இன்னும் யோசிக்கிறார் என்று அறிவித்தார்.

கை இறங்காமல் சபை கலையக்கூடாது. ஆளுக்கொரு தூணில் சாய்ந்திருந்தார்கள். தாடி வளர்ந்தது. தூண்கள் வேர்விட்டுச் சீமைப்பலா காய்த்தன, நல்ல ருசி. ஆண்கள் இப்படி உட்கார்ந்துவிட்டதால், அவர்கள் பல வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்த தண்ணீர்க் குழாயைப் பெண்கள் ஒரே வாரத்தில் போட்டு முடித்தார்கள். லேயுபா சொல் தேடிக்கொண்டிருந்தார். 'ஓங்கிய பேரமைதி' என்றார், 'கரத்தின் தவம்' என்றார். கை அசைந்தால்தானே!

குற்றவாளியும் சபையைவிட்டு நகரக்கூடாது என்பதால் தலைவருக்கு ஊட்டும் வேலை சினாலே தலையில் விழுந்தது. முதலில் சனியனே என்று திணித்தாள். அந்தக் கை இறங்கவே கூடாது என்று தினமும் ஜெபித்தாள். இறங்கினால் வீடு போகும், அடுப்பு போகும், அம்மாவின் கல்லறையும் போகும். போகப்போக, பன்னைத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்து ஆறவிட்டுக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவர் மெல்லக் கேட்டார்.

"தோள் தாங்கலம்மா. இது என்னன்னு ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கிறான். உங்க வீட்ல யாருக்காச்சும் வந்தா என்னன்னு சொல்வீங்க?"

அவர் அழுதுகொண்டிருந்தார். சினாலேவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன கெட்டுப்போகிறது? இருக்க முடியவில்லை.

"பக்கவாதங்கய்யா. எங்கப்பனுக்கு வந்துச்சே, அதேதான்."

கை தொப்பென்று மடியில் விழுந்தது. சபை எழுந்தது, பாதிப் பேருக்குக் கால் மரத்திருந்தது. லேயுபா தொண்டையைச் செருமிக்கொண்டு அருமையான தமது நடையில் இரண்டையும் அறிவித்தார்: கை இறங்கியதால் சினாலே குடும்பம் ஊரைவிட்டு விலக்கப்படுகிறது, சொல் சொல்லப்பட்டதால் துயிலாவே இனி அந்தக் குடும்பத்து ஆள். ஆகவே அவரும் கிளம்ப வேண்டியது.

சாயங்கால பஸ்ஸில் தட்டுமுட்டுச் சாமான்களோடு ஏறினார்கள். சினாலே வீட்டைப் பார்த்து வாய்விட்டு அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, செத்த கையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"நேரா உக்காருய்யா, விழுந்துறப் போற."

அவர் நேராக உட்கார்ந்தார். எதிர்க்கரை ஊர்க்காரனான டிரைவர் கண்ணாடியில் பார்த்து, பெரியவர் யாரென்று கேட்டான்.

"எங்க வீட்டு ஆளு. பக்கவாதம். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு விடு."