இருபது டிகிரி

"மூணு உடைஞ்சதுக்கா அண்ணி இவ்வளவு கூத்து?"

"நூத்துக்கு மூணுப்பா. நோயாளிக்கு மருந்து ஏத்தற பம்புக்குள்ள போற சக்கரம். ஒண்ணு உடைஞ்சாலே கூத்துதான்."

அண்ணி சாப்பாட்டு மேசையைத் துடைத்தபடியே சொன்னாள். அவளுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே பிளாஸ்டிக் தொழிற்சாலையில் வேலை. எள்ளைவிடச் சிறிய பல்சக்கரங்களை அவன் மெஷினில் வார்ப்பான். அவள் லென்ஸ் வைத்துப் பார்த்து அனுப்புவாள். அவனுக்கு அந்த வேலை கிடைத்ததே அவள் சொல்லித்தான்.

போன வாரம் அனுப்பிய பெட்டி திரும்பி வந்துவிட்டது. துளையில் அச்சாணியைச் செருகும்போதே சில சக்கரங்கள் பிளந்தனவாம். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, அளவு சரி, எடை சரி, மெஷின் பதிவேடும் சரி, அப்படியென்றால் பார்த்த கண்தான் சரியில்லை என்று முடித்துவிட்டார். நாளை முதல் அவளுக்கு லென்ஸ் கிடையாது. அட்டைப்பெட்டி ஒட்டும் பிரிவு. பன்னிரண்டு வருஷம் பார்த்த கண், அதற்கும் ஓய்வு வேண்டாமா என்று அவளே சிரித்தாள். மேசையின் அதே மூலையை மூன்றாவது முறையாகத் துடைத்தாள்.

அது கண்ணின் குற்றமில்லை என்று அவனுக்குத் தெரியும்.

வார்க்கும் அச்சு தொண்ணூறு டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். துளை விழுவதற்காக அதன் நடுவே ஓர் ஊசி நிற்கும். உருகிய பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து ஊசியைச் சுற்றி ஓடி, மறுபக்கம் சேரும். அச்சு சூடாக இருந்தால்தான் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். சூடு குறைந்தால் ஒட்டிய மாதிரி தெரியும், ஒட்டியிருக்காது. ஆனால் சக்கரம் சீக்கிரம் இறுகும். ஒவ்வொரு வார்ப்புக்கும் மூன்று விநாடி மிச்சம்.

அந்த மூன்று விநாடிக்குத்தான் அவன் ஆசைப்பட்டான். அதிகம் வார்த்தவன் பெயரை வாசலில் பலகையில் எழுதுவார்கள். சூட்டை இருபது டிகிரி இறக்கினான். இரண்டு மணிக்கொரு தடவை பதிவேட்டில் எழுத வேண்டும்; அந்த நேரம் நெருங்கும்போதெல்லாம் தொண்ணூறுக்கு ஏற்றி, எழுதியதும் மறுபடி இறக்கினான். எழுதியதில் ஒரு பொய்யும் இல்லை. பலகையில் பெயர் வந்தது. அதைச் செல்போனில் படம் பிடித்து, சொந்தக்காரர் ஒருவர் விடாமல் அனுப்பியவள் அண்ணிதான்.

"அண்ணி, அன்னைக்கு மெஷின்ல..."

"மெஷினை விடு. உன் மேல யாரும் ஒரு சொல் சொல்லல, நான் சொல்லவும் விடமாட்டேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், வெள்ளைத் தாளில் மடித்த ஒன்றைக் கொண்டுவந்தாள். திரும்பி வந்த பெட்டியில் உடையாத சக்கரம் ஒன்று. கேட்டு வாங்கி வந்திருந்தாள். விளக்குக்குக் கீழே தாளை விரித்து, தன் லென்ஸை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"ஒரு மணி நேரமா பாக்கறேன், ஒண்ணும் புலப்படல. நீ வார்த்ததுதானே, உனக்குத் தெரியும். இதுல நான் எதைப் பாக்காம விட்டேன்னு கொஞ்சம் காட்டேன்ப்பா."