ஆரோக்கியமானவர் எண் பதினேழு

குடலின் உட்சுவர் என்பது ஒரே ஒரு வரிசை செல்கள்தான். அவை ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை கவலையில்லை. பிடி தளர்ந்தால், குடலுக்குள் கிடக்க வேண்டியது கசிந்து, உடம்பு அழற்சியில் கொதிக்கும். அந்தப் பிடி தளராமல் காப்பதில் வைட்டமின் டிக்கும் பங்குண்டு. இதைத் தொலைக்காட்சியில் சொல்லிச் சொல்லியே 'வெயில் டாக்டர்' என்று பெயர் வாங்கியவர் அந்த ஆய்வகத்தின் இயக்குநர். தினமும் வெயிலில் நில்லுங்கள் என்பார். பேட்டி எடுக்க வருகிறவர்கள் அவரை வெயிலில் நிற்க வைத்தால் மட்டும் முகம் கடுத்துவிடும்.

ஆய்வகம் தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத தளத்தில் இருந்தது. பன்னிரண்டு வருடமாக அங்கே ஊரார் இரத்தத்தில் வைட்டமின் டி அளப்பவர் லேப் அக்கா. வெளிச்சம் வருமுன் வந்து, போனபின் போவார். வீட்டுப் பூட்டைக் காலையில் பூட்டுவதும் மாலையில் திறப்பதும் அவரே. தம்பி ஒருவன் உண்டு. ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "நல்லா இருக்கேல்லக்கா?" என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிட்டு வைத்துவிடுவான்.

இந்த முறை ஆய்வுக்குக் குடல் அழற்சி உள்ளவர்கள் நாற்பது பேரும், ஒப்பிட்டுப் பார்க்க ஆரோக்கியமானவர்கள் இருபது பேரும் வேண்டும். ஆரோக்கியத்துக்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த இடத்தின் வழக்கப்படி, குறைந்ததைச் சிப்பந்திகளை வைத்து நிரப்பினார்கள். படிவத்தைப் படித்துக் கேள்வி கேட்கும் வேலை லேப் அக்காவுடையது. 'வயிற்றில் ஏதாவது தொந்தரவு உண்டா?' என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டார். ஒரு வருடமாக வலி, இரத்தப்போக்கு, எட்டு கிலோ இழப்பு. 'இல்லை' என்று எழுதினார். சொன்னால் அடுத்து என்ன என்று கேட்க எதிரில் யாரும் இல்லையே. ஆரோக்கியமானவர் எண் பதினேழு ஆனார்.

முடிவுகள் வந்தன. பதினேழாம் எண்ணின் வைட்டமின் டி, நோயாளிகள் எல்லோரையும்விடக் கீழே கிடந்தது. அழற்சி அளவோ கூரையைத் தொட்டது.

"யாருய்யா இந்தப் பதினேழு?" என்றார் இயக்குநர் கூட்டத்தில். "நம்ம கிராஃபையே கெடுத்து வச்சிருக்கான்!"

"பேர் தெரியாது சார், எண் மட்டும்தான்," என்றார் புள்ளியியல்காரர். "தூக்கிடலாம். இந்த ஒரு ஆள் இல்லைன்னா கோடு அழகா வருது."

"தூக்குங்க. இல்லவே இல்லைன்னு வச்சுக்குவோம்."

லேப் அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எண் போனால், அந்த வலி இருந்ததற்குச் சாட்சியே போய்விடும்.

"சார், அந்தப் பதினேழு நான்தான்."

இயக்குநர் முகத்தில், தொலைக்காட்சிக்குக்கூடத் தராத வெளிச்சம் வந்தது.

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா! நோயாளிங்க பக்கம் ஒரு ஆள் குறையுதுன்னு ஒரு மாசமா முட்டிக்கிறோமே! நாற்பதாம் எண்ணா உங்களைப் போட்டுடுவோம். சம்மதக் கையெழுத்தை யார் வாங்கணும்?"

"நான்தான் சார்."

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!"

அக்கா, தமக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி, தம் சம்மதத்தைப் பெற்றார். மருத்துவர் பார்க்கும் தேதியையும் தாமே குறித்துக்கொண்டார், மூன்று வாரம் கழித்து.

ஆனால் ஆய்வு நோயாளிக்கு ஒரு பாக்கியம் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் கூப்பிட்டு, 'வயிறு எப்படி இருக்கு?' என்று விசாரித்துப் பதிவேட்டில் எழுதுவார். அந்த ஒருவரும் லேப் அக்காதான். அலுவலகத் தொலைபேசி கேட்டு மனுப் போட்டு இரண்டு வருடம். அதற்குள் இயக்குநர் அறைக்கு மூன்றாவது ஏசி வந்துவிட்டது. எனவே தம் கைபேசியிலிருந்தே கூப்பிடுவார்.

அந்த வெள்ளி மதியம் வரிசையாகக் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எண் பன்னிரண்டு, எடுக்கவில்லை. மற்றவர்கள் முடிந்து, கடைசியில் நாற்பது. விதி விதிதான். தம் எண்ணையே அழுத்தினார். லைன் பிஸி. மூன்று முறை முயல வேண்டும் என்பதும் விதி. மூன்று முறையும் பிஸி. பதிவேட்டில் அப்படியே எழுதினார்.

உடனே கைபேசி அடித்தது. டிரைவர்.

"குளிச்சிட்டிருந்தேம்மா. திருப்பிப் போட்டா பிஸி, பிஸின்னே வருது. அப்படி யாரோட அவ்வளவு பேச்சு?"

"புதுசா ஒருத்தங்க சேர்ந்திருக்காங்க, ஐயா."

"பாவம். எப்படி இருக்காங்க?"

அக்கா, நாற்பதின் வரிசையில் பதிலுக்கான கட்டம் காலியாக இருந்ததைப் பார்த்தார்.

"தெரியலைங்க. லைனே கிடைக்கல."

"அட, விடாதீங்கம்மா. தனியா இருக்கிற ஆளோ என்னமோ. கிடைச்சா நானும் கேட்டதா சொல்லுங்க."

"சொல்றேன்," என்றார். பேனா கையில் இருந்தது. 'உங்க வயிறு எப்படி இருக்கு?' என்று அவரிடம் கேட்க வேண்டும். பேனா நாற்பதின் கட்டத்திலிருந்து பன்னிரண்டின் கட்டத்துக்கு வரச் சற்று நேரமாயிற்று. டிரைவர், பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல, போனை வைக்காமலே இருந்தார்.