நெஞ்செலும்புச் சாறு

மாரிசாமி தூக்குவாளியின் மூடியைத் திறந்ததும் மிளகும் சீரகமும் வெந்த எலும்பும் கலந்த வாசம் அந்தச் சிறிய அறையை நிறைத்தது. அப்பாவின் உதட்டைப் பாலில் நனைத்த பஞ்சால் ஈரப்படுத்திக்கொண்டிருந்த பானுப்பிரியா கையை நிறுத்தினாள்.

"சித்தப்பா, வேணாம்."

"நெஞ்செலும்புதான் தாயி. காலையிலேயே கடையில போய் நின்னு வாங்கியாந்தேன். நல்லா வடிகட்டிட்டேன். வெறுஞ்சாறுதான்."

அவள் சொன்னது அதையல்ல என்று அவருக்கும் தெரியும். வாளியை மூடவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்பா முத்துக்கருப்பன் கட்டிலில் மல்லாந்து கிடந்தார். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆமத்தூர் வீட்டுக்கு வந்த அன்றே முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முடியவில்லை. கண் திறக்காமல், தொண்டையில் எதுவோ உருளும் சத்தத்தோடு மூச்சு மட்டும் வந்து போனது. சில சமயம் நின்றுவிடும். இருக்கிறவர்கள் எழுந்து நிற்பார்கள். பிறகு மறுபடி இழுக்கும்.

உயிர் இப்படி இழுத்துக்கொண்டு கிடந்தால் ஏதோ ஓர் ஆசை பிடித்துவைத்திருக்கிறது என்பது தெருவில் எல்லோரும் நம்புகிற விஷயம். அப்பாவின் அக்கா வெள்ளைத்தாய் முதலில் மண்ணாசை என்று சொல்லி, வாசல் மண்ணை அள்ளிக் கரைத்துத் தெளிந்த நீரை ஒரு சொட்டு விட்டாள். பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து அவர் கட்டிய வீடு அது. பிறகு பொன்னாசை என்று பானுவின் கம்மலை வாங்கிக் கல்லில் உரசி, அந்தத் தண்ணீரை விட்டாள். காப்பியும் கொடுத்துப் பார்த்தார்கள். நேற்றுச் சாயங்காலம், வாசல்படியில் உட்கார்ந்திருந்த மாரிசாமி யாரையும் பார்க்காமல், கறியாசையாத்தான் இருக்கும் என்றார்.

அப்பா கறியை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. ஒருமுறை சபரிமலைக்கு மாலை போட்டுப் போய்வந்தார். அப்போது அம்மா உயிரோடு இருந்தாள். மாலையைக் கழற்றிய அன்று அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் சட்டியைப் பார்த்துவிட்டு, ரசம் இருக்கா என்று கேட்டார். அதோடு சரி. அம்மா ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொண்டாள். டாக்டர் சொல்லியிருப்பார் என்றார்கள் சிலர். கம்பெனி வேனில் பெண்கள் "சாமியாருக்கு எடம் விடுங்கடி" என்று நகர்ந்து உட்கார்ந்தார்கள். டீக்கடையில், நம்ம சாப்பாடு இப்ப அவருக்கு எளக்காரமாப் போச்சு என்று ஒரு பேச்சும் இருந்தது.

பானு ஒருநாள் நேரடியாகவே கேட்டாள்.

"போதும்னு இருந்துச்சு தாயி."

அவ்வளவுதான் காரணம். அதை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்பதால் அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

மற்றவர்கள் தின்பதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளுக்காக அவரே கடைக்குப் போய், கொழுப்பில்லாமல் பார்த்துப் போடச் சொல்லி வாங்கி வருவார். ஆயுதபூஜைக்குக் கம்பெனியில் கொடுக்கும் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

மாரிசாமிக்கு மட்டும் அது ஆறவில்லை. தன் மகளின் காதுகுத்துக்குக் கிடா வெட்டியபோது, அண்ணனுக்கு ஈரல் என்றால் உயிர் என்று தனியாக மிளகு போட்டு வறுத்து, முதல் பந்தியில் தன் கையால் இலையில் வைத்தார். முத்துக்கருப்பன் கறியை விட்டிருந்தது அவருக்குத் தெரியும். என் வீட்டு விசேஷத்தில் ஒரு வாய் தின்னாமலா போய்விடுவார் என்று நினைத்திருந்தார். அண்ணன் ஈரலை இலையோரம் ஒதுக்கிவிட்டு மோர் கேட்டார். பந்தியில் மோர் இல்லை. பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்தார்கள். மாமனார் வீட்டு ஆள் ஒருவர், "தம்பி வீட்டு ஆடு அண்ணனுக்கு ஆகாது போலுக்கு" என்றார். பந்தியே சிரித்தது. மாரிசாமியும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு அவர் இந்த வீட்டில் கை நனைத்ததில்லை. நல்லது கெட்டதுக்கு வருவார், அண்ணனோடு பேசுவார், சாப்பிடச் சொன்னால் இப்பத்தான் சாப்பிட்டேன் என்பார்.

"அவரே வேணாம்னு விட்டது சித்தப்பா" என்றாள் பானு.

"விட்டவனுக்குத்தான தாயி ஆசை. தின்னுட்டுத் திரியுறவனுக்கு என்ன ஆசை இருக்கப்போவுது?"

வெள்ளைத்தாய் இருவரையும் ஏறிட்டுப் பார்த்தாள். "அங்கிட்டுப் போயிப் பேசுங்க. அவனுக்குக் காது கேக்கும்."

மாரிசாமி வாளியை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

வெயில் ஏற ஏற மூச்சு மோசமானது. ஒவ்வொரு இழுப்புக்கும் நெஞ்சுக்கூடு மேலே எழும்பி, விலா எலும்புகள் தனித்தனியாகத் தெரிந்தன. வெள்ளைத்தாய் அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, போயிரு ராசா, போயிரு என்று முனகினாள். பானு விசிறுவதை நிறுத்தவில்லை. கை வலித்தது. அவளுக்கு ஏதேதோ நினைவு வந்தது. அவள் கறி வதக்கும்போது அப்பா சில நாள் அடுப்படி நிலைப்படியில் வந்து நிற்பார். வாசம் நல்லாருக்கு தாயி என்பார். பிறகு தன் ரசச் சோற்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அது வெறுமனே வாசம் நன்றாக இருந்ததற்காகச் சொன்னதுதானா? அவளுக்கு இப்போது நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஒருவேளை தான்தான் அவர் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறோமோ என்று தோன்றியதும் எழுந்து வாசலுக்குப் போனாள்.

மாரிசாமி வாளியைக் காலடியில் வைத்துக்கொண்டு வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்களே வந்து ஊத்துங்க சித்தப்பா."

அவர் சாற்றைச் சுடவைத்து, மேலே மிதந்த கொழுப்பை ஊதி ஒதுக்கி, டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தார். மஞ்சள் தூக்கலாக இருந்தது. பானு அப்பாவின் தலையை நிமிர்த்தி, தாடைக்குக் கீழே ஒரு துண்டை மடித்துப் பிடித்தாள்.

"அண்ணே, நாந்தான். மாரி."

முதல் கரண்டி உதட்டில் பட்டது. பாலுக்கும் காப்பிக்கும் தளர்ந்து கிடந்த வாய் இப்போது இறுகியிருந்தது. அது நோவால் இறுகியதா, அவராக இறுக்கியதா என்று அவளுக்குத் தெரியவில்லை. சாறு உதட்டோரம் தேங்கி, கன்னத்தில் வழிந்து, துண்டில் இறங்கியது. மாரிசாமியின் கண் நிறைந்திருந்தது. அவர் கரண்டியைத் தவிர எதையும் பார்க்கவில்லை. இரண்டாவது கரண்டி. மூன்றாவது. துண்டின் ஈரச்சூடு அவள் உள்ளங்கையில் பட்டது.

"எறங்குதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் வாயைத் துடைக்க அவர் கையை நீட்டியபோது மூச்சு நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். காத்திருந்தார்கள். வெள்ளைத்தாய் குனிந்து மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு தன் தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார்கள். நாற்காலிகள் வந்தன. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலிருந்து ஆட்கள் வேலைச் சட்டையோடு வந்து நின்றார்கள். வந்தவர்களிடமெல்லாம் மாரிசாமி கையைப் பிடித்துக்கொண்டு ஒரே விஷயத்தைச் சொன்னார். கறிச்சாறு உள்ளே போன பிறகுதான் உயிர் பிரிந்தது. கடைசியாகத் தன் கையால் சாப்பிட்டுவிட்டுத்தான் அண்ணன் போனது. கேட்டவர்கள் தலையாட்டினார்கள். எம்புட்டு நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு பாருங்க என்றாள் வேனில் அவருக்கு இடம் விட்ட பாண்டிலட்சுமி. இனி இந்தத் தெரு அப்பாவைப் பற்றி இதைத்தான் சொல்லும் என்று பானு நினைத்தாள்.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்கள். அவள் கட்டிலுக்கடியில் சுருட்டி வைத்திருந்த துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஒரு வாளியில் குழாய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, இன்னொன்றில் துண்டை முக்கிச் சோப்புப் போட்டாள். சோப்புப் பட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறியது. கசக்கக் கசக்க இன்னும் சிவந்தது.

மாரிசாமி டம்ளரைக் கழுவ வந்தார். அவள் துண்டை நுரைக்குள் அமுக்கினாள். அவர் டம்ளரை விளக்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, போகாமல் நின்றார்.

"பானு. ஒரு மடக்காவது உள்ள போச்சுல்ல?"

"மூணு கரண்டியும் போச்சு சித்தப்பா."

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் போனார். அவள் துண்டை அலசிப் பிழிந்தாள். கறை உள்பக்கம் போகும்படி இரண்டாக மடித்துக் கொடியில் போட்டாள். அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.