அட்டையில் உள்ளபடி ஒரு ஜாக்கெட்

மேலப்பாளையத்தில் ஜமீலா பீவியிடம் துணி தைக்கக் கொடுத்தவர்களுக்கெல்லாம் அந்த இரும்புப் பெட்டியைத் தெரியும். அவளுடைய வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் கொண்டுவந்த வெளிநாட்டு உடுப்புப் பத்திரிகைகள் அதற்குள் இருந்தன. அட்டைக்கு அட்டை ஒரு பெண் நிற்பாள். ஒருத்தி ரயில் நிலையத்தில், ஒருத்தி மொட்டைமாடி விளிம்பில், ஒருத்தி எதற்கென்றே தெரியாமல் ஒட்டகத்துக்குப் பக்கத்தில். பாதிப் பேர் நம்மோடு சண்டை போட்டவர்கள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பார்கள். ஒருத்திக்கும் பேர் போட்டிருக்காது. ஆனால், கண்ணுகளா, தோளில் விழுகிற சுருக்கம், கையின் வெட்டு, கழுத்தின் வளைவு எல்லாம் பளிச்சென்று தெரியும். படம் எடுத்தவன் துணியைத்தான் எடுத்திருந்தான். ஜமீலா பீவி அதைப் பார்த்துக் கத்தரிக்கோலை எடுத்தால் அப்படியே வந்துவிடும்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ் ஏறி கோமுவும் அவள் மகள் விஜயஸ்ரீயும் வந்தார்கள். விஜயஸ்ரீக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை சுந்தர் தூத்துக்குடியில் பாங்கு உத்தியோகம். பெண் பார்த்துவிட்டுப் போன அன்று சுந்தர் தன் அத்தையிடம், பெண் இந்த வாரப் பத்திரிகையின் அட்டைப்படத்தில் இருக்கிறவள் மாதிரி இருக்கிறாள் என்று சொல்லியிருந்தான். அந்தச் சொல் கைமாறிக் கைமாறி வந்து சேர்ந்த அன்றிலிருந்து பெண்ணுக்குத் தூக்கம் இல்லை. அட்டையில் இருந்தது ஒரு சினிமா நடிகை. விஜயஸ்ரீ லட்சணமான பெண்தான். ஆனால் அந்த நடிகைக்கும் அவளுக்கும், மூக்கு ஒன்று, கண் இரண்டு என்பதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

விஜயஸ்ரீ பையிலிருந்து அந்தப் பத்திரிகையை எடுத்து நீட்டினாள். "ரிசப்ஷனுக்கு இதே ஜாக்கெட்டு வேணும்க்கா."

ஜமீலா பீவி அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுல ஜாக்கெட்டு எங்கனளா இருக்கு? அம்புட்டும் மூஞ்சில்லா. மூஞ்சியத் தைக்கவா சொல்லுத?"

அவள் சொன்னதும் வாஸ்தவம்தான். நெற்றியிலிருந்து தோள் வரைக்கும் நடிகை. தோளுக்குக் கீழே எழுத்து. நடிகை காதலைப் பற்றிக் கேட்டவர்கள்மேல் சீறியதாகக் கழுத்தடியில் மஞ்சள் கொட்டை எழுத்து. வலது தோளில் சிவப்பு வட்டத்துக்குள் 'இலவச இணைப்பு: ஊறுகாய் வகைகள் 30'. அதற்குக் கீழே விலை. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் கைக்குட்டை அளவுக்கு நீலத்துணி எட்டிப்பார்த்தது.

"எழுத்துக்கு அடியில என்ன இருக்குன்னு நான் எப்படிளா காணுவேன்? இந்தா, இதப் பாரு, இது போட்டோ." ஒட்டகத்துக்காரியை எடுத்து முன்னால் போட்டாள்.

"இது யாருக்கா?"

"யாருக்குத் தெரியும்? பேரு எதுக்குளா? கையப் பாரு."

"பேரு இல்லாதவ மாதிரி நான் போயி நின்னா அவிய கண்டுபிடிச்சிருவாக."

"மாப்பிள்ளை என்னத்தளா கண்டுபிடிப்பாரு?"

"நான் அந்த அட்டை மாதிரி இல்லைன்னு." சொல்லும்போதே விஜயஸ்ரீக்குக் கண் நிறைந்துவிட்டது.

கோமு குறுக்கே புகுந்தாள். "ஏளா ஜமீலா, அவ சொன்னபடியே தச்சுப்புடு. கண்ணாடியப் பாக்கா, அட்டையப் பாக்கா, சோத்துத் தட்டை மட்டும் பாக்க மாட்டேங்கா."

"அட்டையில உள்ளபடியே வேணும்க்கா. ஒரு நூலு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

அழுகிற பிள்ளையை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்? "வல்லாஹி, அட்டையில இருக்கதத் தவிர ஒண்ணும் இருக்காது. போதுமா? முகூர்த்தச் சேலைக்கு?"

"அது உங்க இஷ்டம்."

சத்தியம் பண்ணினாளா, அங்கேதான் பிடித்தது சனி. இரவு துணியை விரித்ததும் ஜமீலா பீவிக்குத் திக்கென்றது. எழுத்து மறைத்திருக்கிற இடத்தில் பூ வைத்தால், அது அட்டையில் இல்லாத பூ. சும்மா விட்டால், அட்டையில் இல்லாத வெறுமை. ஆண்டவன் பேரைச் சொல்லிவிட்டு மனம்போலத் தைக்கலாமா? யோசித்து யோசித்துப் பார்த்தாள். எழுத்து இருக்கிற இடத்தில் எழுத்தையே வைத்து ஜரிகை நூலால் பின்னத் தொடங்கினாள். முன்பக்கம் முடிந்தது. முதுகுப் பக்கம் வந்ததும் பத்திரிகையைத் திருப்பினாள். பின்னட்டையில் பல்பொடி விளம்பரம் இருந்தது. அதுவும் அட்டைதானே?

ரிசப்ஷன் நாளன்று மண்டபத்து அறையில் ஜமீலா பீவி கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்த கோமு, தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "பாவி மட்ட, என்னளா இது!"

"நீங்க கேட்டதுதான், வச்சுப் பாத்துக்கிடுங்க." ஜமீலா பீவி பத்திரிகையைப் பக்கத்தில் பிடித்தாள். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லாரும் நினைத்தது விஜயஸ்ரீ கதவைச் சாத்திக்கொள்வாள் என்று. அவளோ அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு பைய சொன்னாள். "இருக்கட்டும்மா. விலை முதக்கொண்டு இருக்குல்லா. இப்ப நான் அந்த அட்டை இல்லைன்னு அவிய எப்படிச் சொல்லுவாக?"

முன்பக்கத்தில் பாதியை முந்தானை மறைத்தது. பல்பொடியைப் பூச்சடை மறைத்தது. இருந்தாலும் முதுகை நம்ப முடியாதே. மணப்பெண் சுவரோடு சுவராக நண்டு நகர்கிற மாதிரி நகர்ந்து மேடைக்கு வந்தாள். இது என்ன புதுப் பழக்கம் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள்.

பக்கத்தில் வந்து நின்றவளைச் சுந்தர் ஓரக்கண்ணால் பார்த்தான். வலது தோளில் கண் நிற்க, "முப்பது வகையா?" என்றான்.

"என்னது?"

"ஊறுகாய்."

அதற்குள் சுந்தரின் அத்தை பாக்கியவதி மேடை ஏறிவிட்டாள். கோமு பழக்கதோஷத்தில், "அத்தை கால்ல விழுந்து கும்பிடுளா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள். விஜயஸ்ரீ விழுந்தாள். சடை ஒரு பக்கம் சரிந்தது. மேடை விளக்கில் முதுகு தகதகவென்று மின்னியது. 'ஈறு வீக்கமா? பல் ஆட்டமா? கவலையை விடுங்கள்!' அடியில் கம்பெனி விலாசம்.

மண்டபத்தில் மேளம் நின்றுவிட்டது. பாக்கியவதி ஆசீர்வாதம் பண்ணவும் இல்லை, எழுந்திரு என்று சொல்லவும் இல்லை. அவளுக்கு ஒரு மாசமாகக் கடைவாய்ப்பல் ஆட்டம்.

"ஏ மக்கா, எந்திரிச்சிராத. யாராவது பேனா கொண்டாங்கல!"

பேனா வருவதற்குள் கோமு மகளைத் தூக்கி நிறுத்திவிட்டாள். விஜயஸ்ரீயின் முகம் செத்துப்போயிருந்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது என்று சுந்தரைப் பார்த்து நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் அந்த அட்டை மாதிரி இல்லைல்லா?"

"எந்த அட்டை?"

"நீங்க அத்தைட்ட சொன்ன அட்டை!"

சுந்தருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அடச்சே! பொண்ணு எப்படிலன்னு அத்தை விடாமக் கேட்டா. எனக்கு வெக்கமா இருந்துச்சு. அந்தப் புஸ்தகத்தால ஈயடிச்சுக்கிட்டு இருந்தேன். இந்தா, இது மாதிரின்னு நீட்டிட்டேன். அட்டையில யாருன்னே நான் பாக்கலை."

"அப்ப நான் யாரு மாதிரி இருக்கேன்?"

சுந்தர் அவள் வலது தோளைப் பார்த்தான், கையைப் பார்த்தான், கடைசியில் முகத்துக்கு வந்தான். "அதுக்குள்ள கேட்டா எப்படி? இன்னும் வாசிச்சு முடிக்கலியே."

விஜயஸ்ரீ அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் முகூர்த்தத்துக்கு அவள் போட்டிருந்தது ஜமீலா பீவி தன் இஷ்டத்துக்குத் தைத்த சிவப்பு ஜாக்கெட். ஒட்டகத்துக்காரியின் கை வெட்டு, அவளுடைய கழுத்து வளைவு. ஓர் எழுத்து இல்லை. தாலி கட்டி முடிந்ததும் பாக்கியவதி பேனாவோடு வந்து மணப்பெண்ணின் சடையைத் தூக்கிப் பார்த்தாள்.

"நேத்து இருந்த விலாசம் எங்கேளா? பேனா வருமுன்ன தூக்கிட்டாளே ஒங்கம்மா! அந்த ஜாக்கெட்டை ஒரு நிமிஷம் போட்டுட்டு வாயேன்."

விஜயஸ்ரீக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட்டைப்பெண் மாதிரி நிற்க வேண்டும் என்பதெல்லாம் மறந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் குனிந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். போட்டோக்காரர் குற்றாலலிங்கம், "மூஞ்சியக் காட்டும்மா, மூஞ்சி!" என்று கத்திக்கொண்டே கை தவறி அமுக்கிவிட்டார்.

அந்தப் படத்தில் முகமே விழவில்லை. ஆல்பத்துக்கு ஆகாது என்று ஒதுக்கிவிட்டார்கள். ஜமீலா பீவி கேட்டு வாங்கிப்போய், தையல் மிஷினுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். முதுகும் தோளும் கையும் மடிப்பு மாறாமல் விழுந்திருந்தன.

துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்பார்கள். "இது யாருக்கா?"

"பேரு எதுக்குளா?" என்பாள். "கையப் பாரு."