ஒருத்தர் மட்டும் உள்ளே

...ஒருத்தர் மட்டும்தான் உள்ளே போகலாம் என்று நர்ஸ் சொன்னதும் நெஞ்சுக்குள் ஏதோ லேசானதே, அது என்ன, நிம்மதியா, சீ, கட்டிய புருஷன் தோல் வெந்து கிடக்கிறான், இவளுக்கு நிம்மதி கேட்கிறதா... நாத்தனார் போகட்டும் என்றுதான் ஒதுங்கினாள், கூடப் பிறந்தவள் ஆயிற்றே, ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க அண்ணி, உங்களைப் பார்த்தாத்தான் அண்ணனுக்குத் தெம்பு, உங்களை மாதிரி யாரு பாத்துப்பா" என்றுவிட்டாள், சுருக்கென்றது, அப்படி என்னத்தைப் பார்த்துக்கொண்டாள் இவள், வாசலிலேயே மூச்சை அடக்கப் பழகியதைத் தவிர...

அங்கி, தொப்பி, முகமூடி, கடைசியாகக் கையுறை... பட்டறையில் வெல்டிங் பொறி பெயிண்ட் தின்னர் டின்னில் விழுந்தபோது நெஞ்சும் வயிறும் வெந்துபோயின, அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள், புண் ஆறுகிறது என்றார்கள், பிறகுதான் கட்டுத்துணியில் பச்சையாக ஏதோ கசிந்தது, அழுகின பழம் மாதிரி ஒரு தித்திப்பு வாடை. "ஒரு கிருமி புகுந்திருக்கும்மா. நாங்க குடுக்கிற எந்த மருந்துக்கும் அசைய மாட்டேங்குது. இன்னும் ஒரே ஒரு மருந்துதான் பாக்கி, அது கிட்னியைக் கெடுத்தாலும் கெடுக்கும்" என்று காலையில் டாக்டர் சொன்னாரே, அப்போது இவள் வாயிலிருந்து முதலில் வந்தது என்ன, பிழைப்பாரா என்றா கேட்டாள், "எங்களுக்கும் ஒட்டிக்குமா டாக்டர்?" அவர் ஒரு நிமிஷம் இவளையே பார்த்தார். பக்கத்திலிருந்த நாத்தனார்தான், "வீட்டுல சின்னக் குழந்தை இருக்கு சார், அதுக்காகக் கேக்குறாங்க" என்று காப்பாற்றினாள், இவளும் ஆமாம் என்று தலையாட்டினாள், குழந்தையின் நினைப்பே அப்போது இல்லை, கடவுளே, குழந்தையின் நினைப்பே இல்லை...

உள்ளே அவர் முழித்துக்கொண்டுதான் இருந்தார். "டாக்டர் வேஷம் நல்லா இருக்கு, ஊசி மட்டும் போட்டுடாத" என்றார், சிரிக்கப் போய் வலியில் முகம் சுருங்கியது. "நான் ரொம்ப நாறுறேன்ல?" "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எனக்கு ஜலதோஷம், மூக்கே அடைச்சிருக்கு..." பொய் எவ்வளவு சரளமாக வருகிறது. வேகாத கையை நீட்டினார், பிடித்துக்கொண்டாள், ஜுரத்தின் சூடு ரப்பரைத் தாண்டி வந்தது, ரப்பர் மட்டும் இல்லையென்றால் பிடித்திருப்பாளா, இந்தக் கையைப் பிடிக்கத்தானே ஒரு காலத்தில் வீட்டோடு சண்டை போட்டாள்... விரல்கள் அவளுக்கே தெரியாமல் தளர்ந்திருக்க வேண்டும். "தூக்கம் வருது, நீ கிளம்பு" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். நேற்றும் இப்படித்தான், வந்த கொஞ்ச நேரத்திலேயே தூங்கிவிட்டார், முந்தாநாளும்... நல்லவேளை என்று எழுந்தாள், அந்த நல்லவேளையும் கூசியது.

வெளியறையில் அங்கியைக் கழற்றி வாளியில் போட்டாள், சோப்பைத் தேய்த்தாள், மறுபடி தேய்த்தாள். நர்ஸ் புது மருந்துப் பாட்டிலோடு உள்ளே போகப் போனாள். "இப்பத்தான் தூங்கினார் சிஸ்டர்..."

"தூங்குறாரா? ராத்திரி பகல் பொட்டுத் தூக்கம் இல்லையேம்மா அவருக்கு. கண்ணை மூடினா வலி இன்னும் ஜாஸ்தியாத் தெரியுதுன்னு மோட்டுவளையையே பாத்துட்டு இருப்பாரு. நீங்க வந்தாத்தான் மூடுறாருபோல."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது... அப்படியென்றால் நேற்று, முந்தாநாள், அத்தனையும்... இப்போதுகூடத் திரும்பி உள்ளே போகலாம், இன்னொரு அங்கி கேட்டால் கொடுப்பார்கள், போய் என்ன சொல்வது... கதவைத் திறந்ததும் நாத்தனார் ஓடி வந்தாள். "அண்ணன் என்ன பண்றாரு அண்ணி?"

"தூங்குறாரு" என்றாள்.